மார்ச் ஒன்பதுக்கு முந்தி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
03.09.2023

அன்பின் தங்கச்சி தினுஷாவுக்கு,

மாதாவின் காவலில் இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். உன் அத்தானின் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்கவில்லை. துறைமுகத்தில் பைலட் லோஞ்ச் படகில் ஏறும்போதும் "ஐயோ மாதாவே", இறங்கும்போதும் "ஐயோ மாதாவே". டொக்டரிடம் போவோம் என்றால் மட்டும் ஒரு நோவும் இல்லையாம். உனக்கு இருமல் விட்டதா? நான் அனுப்பின சுக்கும் மல்லியும் உள்ளே விட்டார்களா?

அஞ்சலினா என் தோளுக்கு வந்துவிட்டாள். போன கிழமை பள்ளிக்கூட வாசலில், வீதியில் திரிகிற மான் ஒன்று அவளுடைய சுற்றாடல் கொப்பியில் பாதியைத் தின்றுவிட்டது. ரீச்சரிடம் போய், "மிஸ், நான் வீட்டுவேலை செய்தனான், மான் செமிச்சிட்டுது" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்துவிட்டேன். நேரே எழுதுகிறேன். அஞ்சலினாவை நானும் உன் அத்தானும் சட்டப்படி மகவேற்க நினைக்கிறோம். எட்டு வருஷமாக வளர்த்தாயிற்று, இனி எதற்குக் கடதாசி என்று கேட்பாய். அடுத்த வருஷம் அவள் ஐந்தாம் ஆண்டு. புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேணும். அதில் தாய் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. இதுவரை அதிபர் சிஸ்டரின் தயவில் ஃபைலுக்குள் கிடந்தது. இந்தப் பிள்ளைக்கு இப்போது மருந்துப் போத்தலில் இருப்பதையும் விடாமல் வாசிக்கிற பழக்கம். நீதிமன்றக் கட்டளை கிடைத்தால் எங்கள் பெயர் போட்டுப் புதுச் சான்றிதழ் தருவார்களாம்.

அவளுக்கு நான் அம்மா, நீ கொழும்பில் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிற சின்னம்மா. அப்படிச் சொல்வோம் என்று நீயும் நானும் சேர்ந்துதானே முடிவெடுத்தோம். ஹோலில் அவளுடைய ஞானஸ்நானப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன். நான் அவளைத் தூக்கி வைத்திருக்கிறேன், சுவாமி தண்ணீர் வார்க்கிறார். அதைப் பார்க்கிற எவருக்கும் ஒரு சந்தேகமும் வராது.

நீ வேலை செய்த அதே சட்டத்தரணி குலசிங்கம் ஐயாவிடம்தான் போனேன். உன்னைச் சுகம் கேட்டார். பிள்ளையின் தகப்பன் றிக்சனைத் தேடிப் பேப்பரில் அறிவித்தல் போட்டால், அவன் சம்மதம் இல்லாமலே கேட்கலாமாம். எட்டு வருஷமாக உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாதவன். உன் சம்மதம்தான் வேணும். பத்திரம் இதோடு வருகிறது. மார்ச் ஒன்பதில் பிள்ளைக்குப் பத்து வயது. அதற்கு முந்தி முடிப்பது நல்லதாம், பிறகு வேறு கரைச்சல் இருக்கிறதாம்.

நீ வெளியே வர இன்னும் பதினொரு வருஷம், தங்கச்சி. பிள்ளையின் நன்மையை யோசி. கடிதத்தை வழமைபோல அத்தானின் கந்தோர் விலாசத்துக்கே போடு.

உன் நினைவோடு செபிக்கும்,
அக்கா றோஸ்

•

பெண்கள் சிறைச்சாலை,
கொழும்பு.
08.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் கடிதம் செப்ரெம்பர் இருபதாம் திகதி கையில் கிடைத்தது. இங்கே கடிதங்களை வாசித்துவிட்டுத்தான் தருவார்கள். தமிழ் வாசிக்கிற அதிகாரி நோனா ஒருவர்தான். அவர் லீவில் போனால் எங்கள் வீட்டுக் கதையெல்லாம் அவருடைய மேசையில் கிடக்கும். இருமல் விட்டுவிட்டது. சுக்கு வந்தது, மல்லி வரவில்லை.

பத்திரத்தை வாசித்தேன். நாலு வருஷம் இப்படிப் பத்திரங்களை ரைப் அடித்தவள் நான். "மேற்சொன்ன பிள்ளையின் தாயாகிய நான்" என்று எத்தனை தரம் அடித்திருப்பேன். அந்த "நான்" யாரென்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அடித்து முடித்தால் ஐயா தேநீருக்குப் போகச் சொல்வார், போய்விடுவேன்.

உங்கள் நியாயம் எனக்கு விளங்குகிறது. நீங்கள் கேட்டு மறுக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? கையெழுத்து வைத்து இதோடு அனுப்புகிறேன்.

மான் கதையைப் பரீதாவுக்கு வாசித்துக் காட்டினேன். குறிஞ்சாக்கேணி ஆள், பக்கத்துப் பாயில் படுப்பவ. சிரித்துச் சிரித்து அவவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "உன்ர மகள் வாயாடியா வருவாள் கண்டியோ" என்றா. கடிதம் வாசிக்கிற நோனாவைத் தவிர, இங்கே அவவுக்கு மட்டும்தான் அவள் என் மகள் என்று தெரியும்.

அஞ்சலினா இப்போதும் நித்திரையில் இடது காதைப் பிடித்துக்கொள்கிறாளா? முன்பல் விழுந்து முளைத்துவிட்டதா? அந்தப் படத்தில் ஓரமாக வெள்ளைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன் அல்லவா, அது யாரென்று எப்பவாவது கேட்டாளா? கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அத்தானை முழங்காலுக்கு டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போங்கள்.

என்றும் உங்கள்,
தினுஷா

•

திருகோணமலை.
29.10.2023

அன்பின் தினுஷாவுக்கு,

ஆண்டவர் உன்னைச் சுகத்தோடு வைத்திருக்க வேணும். இங்கே மழை தொடங்கிவிட்டது, உட்துறைமுகம் முழுக்கச் சாம்பல் நிறம். லோஞ்ச் ஆட்டத்தில் அத்தான் மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை.

பத்திரம் வந்தது, பிள்ளை. கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. திகதி இல்லை. அங்கத்தைய நலன்புரி உத்தியோகத்தர் முன்னால் வைத்ததற்கு அவருடைய கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. "அவசரத்தில விட்டிட்டா போல" என்று குலசிங்கம் ஐயா சொன்னார். இரண்டு கிழமைக்கு மேல் வைத்திருந்துவிட்டு என்னடி அவசரம் உனக்கு? புதுப் பத்திரம் இதோடு வருகிறது. இந்த முறை கவனமாகச் செய்.

பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் பெரிசு, சிரித்தால் முயல்தான். ஓம், இடது காதுதான். இப்போதும் பிடித்துக்கொண்டுதான் நித்திரை.

நத்தார்ப் பூசையில் அவள் முதல் நன்மை வாங்குகிறாள். கிழமைக்கு இரண்டு நாள் மறைக்கல்வி வகுப்பு. சிஸ்டர் ஞானஸ்நானம் முதலான தேவதிரவிய அனுமானங்கள் ஏழையும் ஒவ்வொன்றாக விளங்கப்படுத்துகிறாவாம், வீட்டுக்கு வந்து எங்களுக்கும் படிப்பிக்கிறாள். வெள்ளைச் சட்டையை நானே தைக்கிறேன். வரவர அழகும் பார்க்கத் தொடங்கிவிட்டாள். இரண்டு கிழமையாக அந்த ஞானஸ்நானப் படத்துக்கு முன்னால் போய்ப் போய் நிற்கிறாள். என்னடி பார்க்கிறாய் என்றால், "தூசி கிடக்கு" என்று சட்டைத் தலைப்பால் துடைக்கிறாள்.

பரீதாவுக்கு என் அன்பைச் சொல். பத்திரத்தை நவம்பருக்குள் அனுப்பு.

அன்போடு,
அக்கா

•

பெண்கள் சிறைச்சாலை,
கொழும்பு.
10.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நத்தார் வரும் நாட்களில் உங்கள் மூவருக்கும் சமாதானம் உண்டாகட்டும். எனக்கு உடம்பு பரவாயில்லை. தையல் பிரிவில் இருந்து பார்வை கொஞ்சம் மங்கல், கண்ணாடிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

முதல் பத்திரத்தில் விட்ட பிழைக்கு மன்னியுங்கள். இந்த முறை நலன்புரி உத்தியோகத்தர் முன்னால் வைத்து, திகதி போட்டு, முத்திரையும் வாங்கிவிட்டேன். இதோடு இருக்கிறது.

முதல் நன்மை அன்று அவளை ஒரு படம் எடுத்து அனுப்புவீர்களா? அவளிடம் சொல்ல வேண்டாம். தலையில் என்ன வைப்பீர்கள், பூமுடியா, நெட்டா? நெட் என்றால் நெற்றியில் அரிக்கும், உள்ளுக்குப் பருத்தித் துணி ஒரு கீலம் வைத்துத் தையுங்கள்.

சென்ற கடிதத்தில் நான் கேட்டதில் பல்லுக்கும் காதுக்கும் பதில் வந்தது. பரவாயில்லை.

உங்கள்,
தினுஷா

•

திருகோணமலை.
02.01.2024

தினுஷாவுக்கு,

புது வருஷத்தில் தேவன் உன்னை ஆசீர்வதிக்கட்டும். சுகம் விசாரிக்கவும் மனமில்லாத கோபத்தோடு எழுதுகிறேன். ஆனாலும் கேட்கிறேன், கண்ணாடி கிடைத்ததா?

நேற்றில்லை, முந்தநாள் குலசிங்கம் ஐயாவிடம் பத்திரத்தைக் கொண்டுபோனேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார், சிரித்தார். பிறப்புச் சான்றிதழில் உன் பெயர் மேரி தினுஷா சூசைப்பிள்ளை. பத்திரத்தில் வைத்திருப்பது தினுஷா றிக்சன். அடையாள அட்டை இலக்கத்திலும் ஒரு எண் மாறிக் கிடக்கிறது. நான் சொன்னேன், "ஐயா, பாவம், கண் தெரியாதாம்." அவர் சொன்னார், "றோஸ், நாலு வருஷம் என்ர கந்தோரில இருந்த பிள்ளை. ஒரு கமா பிழைவிடாது. இது பிழையில்லை."

வீதியில் நின்றுதான் எனக்கு விளங்கியது. பத்து வயது கடந்த பிள்ளையை மகவேற்பதென்றால் பிள்ளையின் சம்மதமும் வேணும். நீதிபதி பிள்ளையிடமே கேட்பார். இதை உனக்கு நான் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, உனக்குத்தான் சட்டம் மனப்பாடமே. நீ மார்ச் ஒன்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய், என்னடி?

காரணமில்லாமல் தாய் சம்மதத்தைப் பிடித்துவைத்தால் அதைத் தள்ளிவிட்டுக் கட்டளை தரச்சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்று ஐயா சொன்னார். நான் வேண்டாம் என்றேன். என் தங்கச்சியைப் "பிள்ளையைக் கைவிட்டவள்" என்று ஒரு கடதாசியில் எழுத என் கை வராது.

ஆனால் நீ யோசி. நான் மூன்று பிள்ளையை வயிற்றிலேயே இழந்தவள். இந்தப் பிள்ளை என்னை அம்மா என்கிறாள். ஒரு கறுத்தக் கோட்டுக்காரர் அவளைக் கூப்பிட்டு, "இவ உன்ர அம்மா இல்லை, அம்மாவாக்கட்டோ?" என்று கேட்க வேணுமா? அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும்? எனக்குப் பயமாக இருக்கிறது, தினுஷா. அவ்வளவுதான். பயம்.

மூன்றாவது பத்திரம் இதோடு வருகிறது. படத்தை என்னிடமே வைத்திருக்கிறேன், பத்திரம் சரியாக வரட்டும். பருத்தித் துணி வைத்துத்தான் தைத்தேன், அரிக்கவில்லையாம்.

அக்கா

•

திருகோணமலை.
18.02.2024

தினுஷாவுக்கு,

பதில் இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நன்னடத்தை உத்தியோகத்தர் எங்கள் வீட்டுக்கு வந்து குசினிவரை பார்த்துவிட்டுப் போனார். உன்னைப் பார்க்க அங்கே ஆள் வந்தபோது வயிற்றுக்குத்து என்று படுத்துவிட்டாயாம். சின்னவயதில் கணக்குச் சோதனைக்கும் உனக்கு இந்த வயிற்றுக்குத்துத்தான்.

அத்தான் சொல்கிறார், "விடு றோஸ், அவவும் பெத்தவதானே." அவரோடு இரண்டு நாள் நான் கதைக்கவில்லை.

இன்னும் இருபது நாள் இருக்கிறது.

றோஸ்

•

பெண்கள் சிறைச்சாலை,
கொழும்பு.
11.03.2024

என் அன்பான அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்களைச் சுகத்தோடு காண வேண்டும், கோபத்தோடு கண்டாலும் சரி. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வயிற்றுக்குத்தும் இல்லை.

பத்திரம் இதோடு இருக்கிறது. பெயர், இலக்கம், திகதி, முத்திரை எல்லாம் சரி. ஐயா பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். இந்தச் சம்மதத்தை நான் மீளப் பெறமாட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

ஓம் அக்கா, வேணுமென்றுதான் செய்தேன். நேற்றுமுன்தினம் அவளுக்குப் பத்து வயது. பரீதா தன் பங்கு பாணில் சீனி தூவித் தந்தா, இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

நான் பிள்ளையைத் திருப்பிக் கேட்கவில்லை. வெளியே வரும்போது அவளுக்கு இருபத்தொரு வயது, எனக்கு நரை. ஒரு வளர்ந்த பெண்ணின் வாசலில் போய் நின்று நான்தான் அம்மா என்று சொல்கிற தைரியம் எனக்கில்லை. நீங்கள்தான் அவளுக்கு அம்மா. அதில் எனக்கு மறுகதை இல்லை.

ஆனால் ஒரு தரம் நான் சம்மதம் தந்திருக்கிறேன், உங்களுக்கு ஞாபகமா? றிக்சன் அலுமாரிக்குப் பின்னால் அந்தப் போதைத்தூள் பொதியை வைத்துவிட்டு ஓடின கிழமை. பொலிஸ் நிலைய முற்றத்தில், ஜீப் புறப்பட முந்தி. அவளுக்குப் பதினாலு மாதம், பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுவரை பிள்ளையை உள்ளே வைத்திருக்கலாம் என்று பொம்பிளைப் பொலிஸ் சொன்னா. நான் அவளை மார்பில் இருந்து எடுத்து உங்களிடம் தந்தேன். அதற்குப் பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. அவளையும் யாரும் கேட்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு கத்தினாள். எட்டு வருஷமும் பத்து மாதமும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது.

இந்த முறையாவது அவளைக் கேட்கட்டும். நான் யாரென்று ஒரே ஒரு தரம் அவள் அறிந்துகொண்டு, பிறகு வேண்டாம் என்று சொல்லட்டும். அறியாமலே என் பெயரை வெட்டிவிட்டால், நான் அவளைப் பெறவே இல்லை என்று ஆகிவிடும். அதைத்தான் என்னால் தாங்க ஏலாது.

நீங்கள் இதற்குப் பதில் எழுதாவிட்டாலும் நான் குறை நினைக்க மாட்டேன். முதல் நன்மைப் படத்தை மட்டும் அனுப்புங்கள்.

உங்கள் தங்கச்சி,
மேரி தினுஷா சூசைப்பிள்ளை

•

திருகோணமலை.
28.04.2024

அன்பின் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கு. ஏழு கிழமை பதில் எழுதவில்லை. முதல் மூன்று கிழமையும் கோபம், அடுத்த மூன்றும் பயம். கடைசிக் கிழமை என்னவென்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் பத்திரத்தை ஐயா நீதிமன்றத்தில் போட்டுவிட்டார். மே இருபத்திரண்டில் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லித் தவணை. இனி ஒளிக்க வழியில்லை. பங்குச் சுவாமியைக் கேட்டேன், "நீங்களே சொல்லுங்கோ" என்றார். உன் அத்தானைக் கேட்டேன், அவர் லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது என்று காலை ஐந்து மணிக்கே ஓடிவிட்டார்.

சனிக்கிழமை பகல் குசினியில் சூடைமீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "அஞ்சலி, அந்தப் படத்தில..." என்று தொடங்கினேன். அவள் துருவலை நிற்பாட்டாமல் சொன்னாள்:

"தொப்பியோட நிக்கிறவதானே?"

கத்தியைக் கீழே வைத்தேன். "ஆர் சொன்னது?" என்றேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஞானஸ்நானத்தில பிள்ளையைத் தூக்கி வைச்சிருக்கிறது ஞானத்தாய் எண்டு சிஸ்டர் படிப்பிச்சவ. தூக்கி வைச்சிருக்கிறது நீங்கள். அப்ப நீங்கள் ஞானத்தாய். அம்மா பக்கத்தில நிப்பா எண்டவ. பக்கத்தில சின்னம்மாதான் நிக்கிறா. என்ர தொப்பியையும் அவதான் வைச்சிருக்கிறா."

பார்த்தாயா, தினுஷா? யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று ஐயாயிரம் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, வாசலில் நுழைந்ததும் தெரிகிற மாதிரி நானேதான் மாட்டினேன். எங்கள் கோயிலில் ஞானத்தாய்தான் பிள்ளையை ஏந்துவது என்று ஊர் முழுக்கத் தெரியும். எனக்கும் தெரியும். எட்டு வருஷம் அந்தப் படத்தைத் துடைத்தும் எனக்கு அது படவில்லை.

ஒக்ரோபரிலேயே தெரிந்திருக்கிறது. ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீங்கள் அழுவீங்கள்" என்றாள். நான் அழவில்லை என்று சொல்லிக்கொண்டே அழுதேன். மீன் கையோடு முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் செதில். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளும் அழுதாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கார்மெண்ட்ஸ் இல்லை, எங்கே இருக்கிறாய், ஏன் இருக்கிறாய், பொதி யார் வைத்தது, எல்லாம். பொலிஸ் முற்றத்தை மட்டும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

நீ செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அவள் ஆறு மாதம் தனியாக அதைச் சுமந்துகொண்டு எனக்கு முன்னால் தூசி துடைத்தாளே, அதை நினைக்கும்போது உன்மேல் கோபிக்க எனக்கு உரிமை இல்லை.

படம் இதோடு.

உன் அக்கா

•

திருகோணமலை
30.05.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? உங்களுக்கு என்னவென்று எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் சின்னம்மா என்றே எழுதுகிறேன். அம்மாவும் அப்படியே எழுது என்றா. பிழை என்றால் சொல்லுங்கள்.

நான் இப்போது ஐந்தாம் ஆண்டு. கணக்கில் 94, தமிழில் 91, ஆங்கிலத்தில் 62. மான் இப்போதும் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது.

இருபத்திரண்டாம் திகதி கோட்டுக்குப் போனோம். நீதிபதி அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டா. கறுத்தக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டிருந்தா. எனக்கு ஒரு ரொபி தந்தா. "உம்மைக் கேளாமல் இதை நான் செய்ய ஏலாது, தெரியுமா?" என்று கேட்டா. தெரியும் என்றேன். றோஸ் அம்மாவையும் பேணாட் அப்பாவையும் சட்டப்படி அம்மா அப்பாவாக்கச் சம்மதமா என்று கேட்டா. நான் ஓம் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் சின்னம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டு வந்து சொல்லலாமா என்று கேட்டேன். அவ கலண்டரைப் பார்த்தா. பிறகு ஜூலை பத்தாம் திகதி வரச்சொன்னா.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்தா. பிறகு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தா.

ஜூன் 29 நாங்கள் ரெயினில் வருகிறோம். உங்களுக்கு என்ன பிடிக்கும்?

இப்படிக்கு,
பே. அஞ்சலினா

தினுஷா, கீழே இடம் இருக்கிறதால் நானும் இரண்டு வரி. வழக்கு முடிகிற நேரத்தில் தவணை வாங்கிப்போட்டாள், பார். உன் பிள்ளைதான், ஒரு சந்தேகமும் இல்லை. அத்தான் பேணாட்டின் பெயரை இரவல் வாங்கிப் "பே." என்று போட்டுக்கொண்டு உன் புத்தியைக் காட்டுகிறாள். உனக்குச் சூடைமீன் பொரியல் கொண்டுவருகிறேன், உள்ளே விடுவார்களா என்று கேட்டு வை. - றோஸ்

•

பெண்கள் சிறைச்சாலை,
கொழும்பு.
07.07.2024

என் அன்பான அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ரெயினில் அவளுக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரவில்லையா? மீன்பொரியல் என் கைக்கு வரும்போது ஆறிப்போயிருந்தது. பரீதாவும் நானும் முள்ளையும் விடவில்லை.

அன்றைக்கு நீங்கள் சுவரோர மரவாங்கில் பின்னால் தள்ளி இருந்தீர்கள். நாங்கள் கதைத்தது உங்களுக்குக் கேட்டதா தெரியாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை ஏன் குடுத்தனீங்கள்?"

ஒன்பது வருஷமாக இதற்கு ஆயிரம் பதில் கட்டிவைத்திருந்தேன். அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன். உள்ளதைச் சொன்னேன். "அந்தக் கிழமைதான் பிள்ளை நடக்கத் தொடங்கினது. ஹோலில இருந்து குசினி மட்டும் விழாமல் போவாய். இங்க நடக்க இடமில்லை. அதுதான்."

அவள் யோசித்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கம்பிவலை. "அப்ப விருப்பமில்லாமல் இல்லை?" என்றாள். இல்லை என்றேன். "சரி" என்றாள். "அப்ப நான் ஓம் எண்டு சொல்லுறன். உங்களுக்குக் கோவமோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய்யில்லை, அக்கா. பிறகு மானைப் பற்றிக் கதைத்தாள், கணக்கில் எங்கே ஆறு புள்ளி போனது என்று சொன்னாள். யோசிக்கும்போது கை தானாக இடது காதுக்குப் போனது.

அவ்வளவு நேரமும் அவள் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. சின்னம்மா என்றும் இல்லை, வேறொன்றும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மணி அடித்தது. அவள் எழும்பி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமும் திருப்பாமல், "அம்மா, நேரமாச்சு" என்றாள்.

நீங்கள் எழும்பவில்லை, அக்கா.

முழங்கால் நோவு அத்தானுக்கு, உங்களுக்கில்லை. அவள் மூச்சு விட்டாலே எழும்புகிற ஆள் நீங்கள். அந்த வாங்கில் இருந்தபடியே குனிந்து, பூட்டியிருந்த கைப்பையைத் திறந்து, எதையோ தேடினீர்கள். கனநேரம் தேடினீர்கள். பையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், வாசலிலேயே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள்.

அதனால் நான்தான் பதில் சொன்னேன். "ஓம் பிள்ளை, கவனமாய்ப் போ" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் நீங்கள் பையைப் பூட்டிக்கொண்டு எழும்பினீர்கள்.

வருகிற புதன்கிழமை தவணை. அன்று பத்து மணிக்கு நான் தையல் பிரிவில் இருப்பேன். அவள் ஓம் சொன்ன பிறகு என் பெயர் போன புதுச் சான்றிதழை எனக்கு அனுப்ப வேண்டாம், பள்ளிக்கூடத்தில் கொடுங்கள். புலமைப்பரிசிலுக்கு ஆங்கிலத்தைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்கள், 62 போதாது. படத்தைக் கழற்ற வேண்டாம். அத்தானை டொக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் தங்கச்சி,
அஞ்சலினாவின் சின்னம்மா,
தினுஷா